நிதிப் பொறியியல் முதுநிலைப் படிப்பில் என்ன கற்றுத் தருகிறார்கள்?

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் வாக்ஸஹாச்சி என்ற ஊரைச் சுற்றி, பூமிக்கடியில் பாதியில் கைவிடப்பட்ட ஒரு சுரங்கம் கிடக்கிறது. 87 கிலோமீட்டர் சுற்றளவில் உலகின் மிகப் பெரிய துகள் முடுக்கியைக் கட்டுவதற்காக அதைத் தோண்டத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 23 கிலோமீட்டர் தோண்டி, சுமார் 200 கோடி டாலர் செலவான பிறகு, 1993 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் திட்டத்தை நிறுத்திவிட்டது. அந்த முடுக்கியை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொண்ட இயற்பியலாளர்களில் பலர் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. அவர்கள் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட்.

அந்தப் பாதையில் அவர்களுக்கு முன்பே சிலர் நடந்திருந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் துகள் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற இமானுவேல் டெர்மன், 1985இலேயே கோல்ட்மன் சாக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார். முதலீட்டு வங்கிக்கு இயற்பியலாளர் எதற்கு? ஆப்ஷன்கள் எனப்படும் உரிமை ஒப்பந்தங்களின் விலையைக் கணக்கிட 1973இல் வெளியான பிளாக்–ஷோல்ஸ் சமன்பாடு, மாறிகளைக் கொஞ்சம் மாற்றி எழுதினால், ஓர் இரும்புக் கம்பியில் வெப்பம் பரவுவதை விவரிக்கும் சமன்பாடாகவே ஆகிவிடுகிறது. அந்தச் சமன்பாட்டைத் தீர்க்கத் தெரிந்தவர்கள் இயற்பியல் துறைகளில் நிறைய இருந்தார்கள். வங்கிகளில் அநேகமாக யாரும் இல்லை.

வெளியிலிருந்து வந்தவர்களுக்கு வங்கியிலேயே பல மாதம் நிதித்துறை கற்றுக்கொடுப்பதைவிட, இரண்டையும் சேர்த்தே ஒரு படிப்பாக வைத்தால் என்ன என்ற யோசனை பல்கலைக்கழகங்களில் எழுந்தது. பாரிஸில் நிகோல் எல் கரூயி என்ற கணிதப் பேராசிரியர் 1990இல் அப்படி ஒரு படிப்பைத் தொடங்கினார். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 1994இல் தொடங்கியது. கொலம்பியா, நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கூரன்ட் நிறுவனம், பெர்க்லி, பாருக் கல்லூரி என்று பட்டியல் நீண்டது. பட்டத்தின் பெயர் இடத்துக்கு இடம் மாறும். ஓரிடத்தில் நிதிப் பொறியியல், இன்னோரிடத்தில் கணக்கீட்டு நிதியியல், மற்றோரிடத்தில் நிதிக் கணிதம். உள்ளே இருக்கும் சரக்கு பெரும்பாலும் ஒன்றுதான்.

இந்தப் படிப்பைப் பற்றிக் கேட்கும் பெற்றோரும் மாணவர்களும் ஏறக்குறைய ஒரே எதிர்பார்ப்போடு வருகிறார்கள்: எந்தப் பங்கு ஏறும், எது இறங்கும் என்று கண்டுபிடிக்கும் கணக்கைச் சொல்லித் தருவார்கள் என்று. இந்த எதிர்பார்ப்போடு சேர்ந்தவர் முதல் பருவத்திலேயே குழம்பிப் போவார். ஏனென்றால், படிப்பின் அடித்தளமான கோட்பாடு, பங்கு ஏறுமா இறங்குமா என்ற கேள்வியையே கேட்காமல் விலை சொல்கிறது. இந்த ஒரு விஷயம் தெளிவாகப் புரிந்துவிட்டால், மீதிப் படிப்பு எதைச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும். அதனால் அதைச் சற்று நிதானமாகவே பார்ப்போம்.

ஆப்ஷன் என்றால் என்ன என்பதை நம் ஊரில் மனை வாங்கியவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. 40 லட்சம் என்று விலை பேசி, 1 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் கிரயம் செய்துகொள்வதாக எழுதிக்கொள்கிறார்கள். அதற்குள் பக்கத்தில் புறவழிச்சாலை வருகிறது என்று செய்தி வந்து மனை 50 லட்சத்துக்குப் போனால், வாங்குபவர் பேசிய 40க்கே எழுதி வாங்கிக்கொள்வார். விலை 30 லட்சமாகச் சரிந்தால், அட்வான்ஸ் போனால் போகட்டும் என்று விலகிக்கொள்பவர்கள் உண்டு. குறித்த நாளில், குறித்த விலைக்கு வாங்கும் உரிமை இருக்கிறது. வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சந்தை மொழியில் இது கால் (call) ஆப்ஷன். மனைக்கு அட்வான்ஸ் கிரயத் தொகையில் கழிந்துவிடும், ஆப்ஷனுக்குக் கொடுக்கும் பிரீமியம் கழியாது என்பது வித்தியாசம். கேள்வி இதுதான்: அந்த உரிமைக்கு எவ்வளவு கொடுப்பது நியாயம்?

ஒரு பங்கின் விலை இன்று 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளை அது 120 ஆகும், அல்லது 80 ஆகும். மூன்றாவதாக எதுவும் நடக்காது. கணக்கு எளிதாக இருக்க, வட்டி கிடையாது. நாளை அந்தப் பங்கை 100 ரூபாய்க்கு வாங்கும் உரிமையை நீங்கள் இன்று விற்க வேண்டும். பங்கு 120 ஆனால் அந்த உரிமையின் மதிப்பு 20 ரூபாய். 80 ஆனால் அது வெறும் காகிதம்.

பங்கு ஏறுவதற்கு 90 சதவீத வாய்ப்பு இருப்பதாக உங்களுக்கு நம்பகமான தகவல் கிடைக்கிறது. 20 ரூபாயில் 90 சதவீதம் 18 ரூபாய், ஆகவே விலை 18 என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். ஆனால் வேறொரு வழியில் பாருங்கள். 40 ரூபாய் கடன் வாங்குங்கள். கையிலிருந்து 10 ரூபாய் போடுங்கள். அந்த 50 ரூபாய்க்கு அரைப் பங்கு வாங்குங்கள். நாளை விலை 120 ஆனால் அரைப் பங்கு 60 பெறும், கடன் 40ஐ அடைத்தால் மிச்சம் 20. விலை 80 ஆனால் அரைப் பங்கு 40 பெறும், கடனை அடைத்தால் மிச்சம் எதுவும் இல்லை. 20 அல்லது பூஜ்யம்: ஆப்ஷன் எதைத் தருமோ அதையே இந்த ஏற்பாடும் இரண்டு நிலையிலும் அச்சாகத் தருகிறது. அதைச் செய்ய ஆன செலவு 10 ரூபாய். ஆகவே ஆப்ஷனின் விலை 10 ரூபாய்தான்.

18 ரூபாய்க்கு யாராவது வாங்கத் தயாராக இருந்தால், அவருக்கு ஆப்ஷனை விற்று, 10 ரூபாயில் இந்த ஏற்பாட்டைச் செய்துவைத்து, 8 ரூபாயை எந்த ஆபத்தும் இல்லாமல் பையில் போட்டுக்கொள்ளலாம். இதைக் கண்ட பக்கத்துக் கடைக்காரர் 17க்கு விற்பார், இன்னொருவர் 15க்கு. போட்டி விலையை 10க்கு இழுத்து வந்துவிடும். 90 சதவீதம் என்ற தகவல் எங்கே போயிற்று? அது பங்கின் இன்றைய விலையான 100க்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது. ஆப்ஷன் அதற்காகத் தனியாக இன்னொரு முறை வசூலிக்க முடியாது.

இதில் இன்னொரு அழகும் இருக்கிறது. ஏறவும் இறங்கவும் சம வாய்ப்பு என்று பாவித்துக்கொண்டு சராசரி எடுத்தால், 20இல் பாதி 10 என்று சரியான விலை ஒரே வரியில் வந்துவிடுகிறது. அந்தப் பாதிக்குப் பாதி என்பது உலகில் நடக்கும் உண்மையான நிகழ்தகவு அல்ல. பங்கின் விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு எடுத்த ஒரு பாவனை நிகழ்தகவு. மைக்கேல் ஹாரிசன், டேவிட் கிரெப்ஸ், ஸ்டான்லி பிளிஸ்கா ஆகியோர் 1979, 1981ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் இதை முறையான கணிதமாக்கினார்கள். முதுநிலை மாணவர்கள் ஒரு பருவம் முழுக்கப் போராடிக் கற்பது, இந்த அரைப் பங்குக் கணக்கு லட்சக்கணக்கான சிறு அடிகளாகத் தொடரும்போது என்ன ஆகும் என்பதைத்தான்.

அங்கேதான் கடினமான கணிதம் நுழைகிறது. பங்கு விலையின் தடுமாற்றத்தைச் சமன்பாடாக எழுத முதலில் முயன்றவர் லூயி பஷெலியே. 1900ஆம் ஆண்டு பாரிஸில், மாபெரும் கணிதமேதை ஆன்ரி புவான்கரேயின் முன்னால் அவர் அந்த ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். தண்ணீரில் மிதக்கும் மகரந்தத் துணுக்குகளின் அலைச்சலைப் பற்றி ஐன்ஸ்டைன் எழுதுவதற்கு 5 ஆண்டுகள் முன்பே, அதே இயக்கத்தைப் பத்திர விலைகளுக்காக பஷெலியே விவரித்துவிட்டார். பரீட்சகர்கள் தந்தது உச்சத் தரம் அல்ல. பொருளாதார அறிஞர்களின் கண்ணில் அந்த ஆய்வேடு பட அரை நூற்றாண்டு ஆயிற்று.

இந்த அலைச்சலுக்குப் பள்ளியில் படித்த நுண்கணிதம் பொருந்தாது. ஏன் என்பதைச் சாதாரணக் கூட்டல் பெருக்கலிலேயே பார்த்துவிடலாம். ஒரு மணி நேரத்தை 100 துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் நாணயத்தைச் சுண்டி, பத்தில் ஒரு பங்கு மேலேயோ கீழேயோ நகருங்கள். ஒவ்வொரு நகர்வின் வர்க்கமும் நூறில் ஒன்று. நூறு நகர்வுகளைக் கூட்டினால் 1. இப்போது 10,000 துண்டுகளாக்கி, நகர்வை நூறில் ஒரு பங்காகக் குறையுங்கள். வர்க்கங்களைக் கூட்டினால் மறுபடியும் 1. எவ்வளவு நுணுக்கினாலும் அது 1ஆகவே நிற்கும். ஒழுங்காக ஓடும் ஒரு வண்டியின் பாதையை இப்படி நுணுக்கினால் வர்க்கங்களின் கூட்டுத்தொகை பூஜ்யத்தை நோக்கிப் போய் மறைந்துவிடும். அதனால்தான் நாம் படித்த நுண்கணிதம் அதைத் தூக்கி எறிகிறது. தற்செயல் அலைச்சலில் அதைத் தூக்கி எறிய முடியாது. அது ஒவ்வொரு சமன்பாட்டிலும் ஒரு கூடுதல் உறுப்பாக வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்தக் கூடுதல் உறுப்பைக் கணக்கில் சேர்க்கும் முறையை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், டோக்கியோவில் அரசுப் புள்ளியியல் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே உருவாக்கினார் கியோசி இதோ. ஆப்ஷனின் விலை, பங்கு மேலே போகிறதா கீழே போகிறதா என்பதைப் பொறுத்திராமல் எவ்வளவு அலைகிறது என்பதைப் பொறுத்திருப்பது இந்த உறுப்பால்தான்.

இந்தக் கணித மரபில் தமிழ்நாட்டுக்கும் நேரடியான பங்கு உண்டு. 1940இல் சென்னையில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் படித்து, கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் முனைவர் பட்டம் பெற்ற எஸ்.ஆர். ஸ்ரீனிவாச வரதன், 1963 முதல் கூரன்ட் நிறுவனத்தில் பணியாற்றியவர். அபூர்வமாக நடப்பவற்றின் நிகழ்தகவை அளக்கும் கோட்பாட்டுக்காக 2007இல் கணிதத்தின் உயரிய விருதான ஆபெல் பரிசு பெற்றார். டேனியல் ஸ்ட்ரூக்குடன் சேர்ந்து அவர் செய்த பணி, தற்செயல் இயக்கங்களின் கணிதத்தையே மாற்றி எழுதியது. நிதித்துறைக்காக அவர் அதைச் செய்யவில்லை. ஆனாலும் அதே கட்டடத்தில் நடக்கும் நிதிக் கணித முதுநிலை வகுப்புகள் அந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கின்றன.

கார்னகி மெலனில் இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவர் ஸ்டீவன் ஷ்ரீவ். அந்த வகுப்புக் குறிப்புகள் 2004இல் இரண்டு பாகப் பாடநூலாக வெளிவந்து, இன்று உலகம் முழுக்க இந்தப் படிப்பின் பாடநூலாக இருக்கின்றன. முதல் பாகம் முழுவதும் நாம் மேலே பார்த்த, 120 அல்லது 80 என்று இரண்டாகப் பிரியும் கிளைக் கணக்கின் விரிவு. இரண்டாம் பாகத்தில்தான் தொடர் காலம் வருகிறது. படிப்பில் சேர நினைப்பவர்கள் விண்ணப்பத்துக்கு முன்பே முதல் பாகத்தைப் படித்துவிடுவது நல்லது. பிடிக்கிறதா, பிடிக்கவில்லையா என்று நாற்பது பக்கங்களிலேயே தெரிந்துவிடும்.

படிப்பின் நடைமுறை வாழ்க்கை வேகமானது. கார்னகி மெலன் திட்டத்தை வணிகப் பள்ளி, கணிதத் துறை, புள்ளியியல் துறை, பொதுக் கொள்கைக் கல்லூரி என்ற நான்கும் சேர்ந்து நடத்துகின்றன. மொத்தம் 16 மாதங்கள்: ஆகஸ்டில் தொடங்கி மறு ஆண்டு டிசம்பரில் முடியும். பாடங்கள் பெரும்பாலும் அரைப் பருவ அளவு, அதாவது ஏழு வாரம் ஓடுபவை. நிகழ்தகவு, இதோவின் நுண்கணிதம், கடன் பத்திரங்களும் வட்டி விகிதங்களும், தற்செயல் எண்களை வைத்துப் பலமுறை ஒத்திகை பார்த்து விடை காணும் மான்டே கார்லோ முறை, காலத்தொடர் புள்ளியியல், இயந்திரக் கற்றல் ஆகியவற்றோடு, நிரல் எழுதுவது எல்லாப் பாடங்களிலும் கலந்திருக்கும். வந்து இறங்கிய சில வாரங்களிலேயே அடுத்த கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்கான நேர்காணல்களும் ஆரம்பித்துவிடும். ஒரு பக்கம் சமன்பாடு, மறுபக்கம் கோட்டும் சூட்டும்.

இந்த நெருக்கடிதான் எனக்குக் கவலை தருவது. ஏழு வாரத்தில் ஒரு கணித மாதிரியை (மாடல்) கற்றுப் பரீட்சை எழுத முடியும். அது எந்த எடுகோள்களின் மேல் நிற்கிறது, எப்போது சரியும் என்று உட்கார்ந்து யோசிக்க ஏழு வாரம் போதாது. நேர்காணலில் சூத்திரத்தைத் தருவிக்கச் சொல்வார்கள். அது எப்போது பொய்க்கும் என்று கேட்பவர் அரிது. ஆனால் இந்தத் துறை சமூகத்துக்குச் செய்த பெரிய சேதங்களெல்லாம் சூத்திரத்தைத் தருவிக்கத் தெரியாததால் வந்தவை அல்ல.

1987 அக்டோபர் 19, திங்கட்கிழமை. அமெரிக்காவின் டோ ஜோன்ஸ் பங்குச் சந்தைக் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. மணி வடிவ நிகழ்தகவு வளைவின் கணக்குப்படி, பிரபஞ்சத்தின் வயது முழுக்கக் காத்திருந்தாலும் நடக்கக்கூடாத வீழ்ச்சி அது. அந்த நாட்களில் பெரிய ஓய்வூதிய நிதிகள் பலவும் "போர்ட்ஃபோலியோ இன்சூரன்ஸ்" என்ற ஏற்பாட்டை வைத்திருந்தன. அதை உருவாக்கியவர்கள் பெர்க்லி பேராசிரியர்களான ஹேன் லேலண்ட், மார்க் ரூபின்ஸ்டைன் போன்றோர். அதன் கருத்து, நாம் பார்த்த அரைப் பங்குக் கணக்கேதான்: காப்பீட்டை விலைக்கு வாங்காமல், சந்தை இறங்க இறங்கக் கொஞ்சம் கொஞ்சமாக விற்று, காப்பீடு தரும் பலனை நாமே கட்டிக்கொள்வது. ஒருவர் செய்தால் அது வேலை செய்யும். எல்லோரும் ஒரே கணக்கைப் போட்டு, ஒரே நேரத்தில் விற்க வந்தபோது வாங்க ஆளில்லை. விற்பனை விலையை இறக்கியது. இறங்கிய விலை மேலும் விற்கச் சொன்னது.

நம் சின்னக் கணக்கிலேயே இதைப் பார்க்கலாம். பங்கு 120 அல்லது 80 என்றோமே, நாளை அது 60க்கு விழுந்தால்? கையிலிருக்கும் அரைப் பங்கு 30 ரூபாய், அடைக்க வேண்டிய கடன் 40. ஆப்ஷனை விற்றவர் எதுவும் தர வேண்டியதில்லை, ஆனால் அவர் செய்துவைத்த ஏற்பாடு 10 ரூபாய் நஷ்டத்தில் நிற்கிறது. அவர் வாங்கிய 10 ரூபாய் பிரீமியம் முழுவதும் போனதோடு, மேலும் 10 ரூபாயைக் கையிலிருந்து கட்ட வேண்டும். மூன்றாவது கிளை ஒன்று முளைத்த உடனே "ஆபத்தே இல்லாத ஒரே விலை" என்பது கணிதத்திலேயே இல்லாமல் போய்விடுகிறது. 1987க்குப் பிறகு சந்தை இதைத் தன் மொழியில் சொல்லத் தொடங்கியது. அதற்கு முன்பு எல்லா உரிமை விலைகளுக்கும் (ஆப்ஷனில் முன்கூட்டியே குறித்த விலை) ஏறக்குறைய ஒரே ஏற்ற இறக்க அளவை வைத்து ஆப்ஷன்கள் விலைபோயின. அதற்குப் பிறகு, பெரிய வீழ்ச்சியிலிருந்து காப்பாற்றும் ஆப்ஷன்கள் நிரந்தரமாக விலை கூடிவிட்டன. படம் போட்டால் கோணலாக வளைந்து தெரியும் அந்தக் கோட்டுக்குத் துறையில் "வாலட்டிலிட்டி ஸ்மைல்" என்று பெயர். அதை விளக்குவதற்காகவே ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் உழைத்திருக்கிறார்கள்.

கணித மாதிரிகளை நம்பி முதலீடு செய்த லாங் டெர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட் என்ற நிதியத்தின் 1998ஆம் ஆண்டுக் கதை பலருக்கும் தெரிந்தது. முந்தைய ஆண்டு பொருளாதார நோபல் பெற்ற மைரன் ஷோல்ஸும் ராபர்ட் மெர்ட்டனும் அதன் பங்குதாரர்கள். ஆகஸ்டில் ரஷ்யா தன் கடனைத் திருப்பித் தராமல் கைவிரித்தது. நிதியம் ஆட்டம் கண்டது. அமெரிக்க மத்திய வங்கி அமைப்பைச் சேர்ந்த நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி கூட்டிய கூட்டத்துக்குப் பிறகு 14 நிறுவனங்கள் 360 கோடி டாலருக்கு மேல் போட்டு அதைத் தாங்கிப் பிடித்தன.

2008 நிதி நெருக்கடியின் பின்னணியில் இருந்த மாதிரி இன்னும் ஆழமாகப் படிக்கத்தக்கது. கணவன் மனைவியரில் ஒருவர் இறந்தால் மற்றவரின் ஆயுள் எப்படிப் பாதிக்கப்படுகிறது என்று காப்பீட்டுக் கணிதர்கள் ஆராய்ந்திருந்தார்கள். காப்பீட்டுக் கணிதம் படித்த டேவிட் லி, ஒரு நிறுவனம் திவாலானால் இன்னொன்றும் திவாலாகும் வாய்ப்பை அதே வழியில் அளக்கலாம் என்று 2000இல் ஒரு கட்டுரை எழுதினார். பல நூறு கடன்களுக்கு இடையிலான பிணைப்பைச் சந்தை விலையிலிருந்து எடுக்கும் ஒரே எண்ணாகச் சுருக்க இந்த முறை வழிசெய்தது. ஆயிரக்கணக்கான வீட்டுக் கடன்களை மூட்டையாகக் கட்டி, அடுக்கடுக்காக வெட்டி விற்ற வங்கிகளுக்கு அந்த எண் பெரிய வசதியாக இருந்தது. வீட்டு விலைகள் நாடு முழுக்க ஒரே நேரத்தில் இறங்காது என்ற அனுமானம் அதற்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. மாதிரியை மிகச் சிலரே புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று 2005இலேயே லி சொல்லியிருந்தார். அதைக் கேட்கும் மனநிலையில் யாரும் இல்லை. வீடிழந்த குடும்பங்களுக்கு அந்த எண்ணின் பெயர்கூடத் தெரியாது.

2009 ஜனவரியில் டெர்மனும் நிதிக் கணித வல்லுநர் பால் வில்மட்டும் சேர்ந்து, மருத்துவர்கள் எடுப்பதுபோல மாதிரி கட்டுபவர்களுக்கும் ஓர் உறுதிமொழியை எழுதினார்கள். உலகத்தை நான் படைக்கவில்லை, அது என் சமன்பாடுகளுக்குக் கட்டுப்பட்டும் நடக்காது என்பதை மறக்கமாட்டேன் என்ற பொருளில் அது தொடங்குகிறது. உறுதிமொழியைவிட அதிகப் பலன் தந்தது ஓர் அரசு ஆவணம். 2011 ஏப்ரலில் அமெரிக்க மத்திய வங்கி, வங்கிகள் பயன்படுத்தும் ஒவ்வொரு மாதிரியையும் அதைக் கட்டாத வேறொரு குழு சுயேச்சையாகச் சோதிக்க வேண்டும் என்று விரிவான வழிகாட்டுதலை வெளியிட்டது. இதனால் மாதிரிச் சரிபார்ப்பு என்ற பணி பெரிதாக வளர்ந்தது. இன்று நிதிப் பொறியியல் முடித்தவர்களில் கணிசமானோர் போவது இந்த வேலைக்கு. வணிக மேசையில் உட்கார்ந்து கோடிகளை நகர்த்தும் கனவோடு வந்தவர்கள் இதை இரண்டாம் தரமாக நினைப்பதைப் பார்த்திருக்கிறேன். என் கருத்து நேர்மாறானது. அடுத்தவர் கட்டிய பாலத்தை, அதில் லாரி ஏறும் முன்பு தட்டிப் பார்க்கும் வேலை இது. இந்தப் படிப்பு தரக்கூடிய அறிவு முழுவதும் பயன்படுவது இங்கேதான்.

செலவு பற்றியும் சொல்ல வேண்டும். பல தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டணமும் நியூயார்க் போன்ற நகரத்தில் வாழும் செலவும் சேர்ந்தால் 1,00,000 டாலரைத் தாண்டிவிடும். நியூயார்க் நகரப் பொதுப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் பாருக் கல்லூரியின் கட்டணம் அதைவிட வெகுவாகக் குறைவு. சிறிய வகுப்பு, கடுமையான தேர்வு, தரவரிசைகளில் முன்னிடம். பெயரைப் பார்த்து மட்டும் கடன் வாங்குபவர்கள் இந்த ஒப்பீட்டைச் செய்தே ஆக வேண்டும். வெளிநாட்டு மாணவர்களுக்கு, இத்தகைய கணிதம் சார்ந்த பட்டங்களுக்கு ஓராண்டோடு மேலும் இரண்டு ஆண்டு வேலை அனுபவக் காலம் கிடைக்கும் என்பது அமெரிக்கா பல ஆண்டுகளாகக் கடைப்பிடித்துவரும் விதி. அதன் பிறகு ஆண்டுக்கு 85,000 என்ற வரம்புள்ள எச்1பி வேலை விசாக் குலுக்கலில் பெயர் வர வேண்டும். கல்விக் கடனுக்கு வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கும் குடும்பங்கள், இது உறுதியான பாதை அல்ல, இதிலும் ஒரு மூன்றாவது கிளை இருக்கிறது என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

பெரிய முதலீட்டாளர்களின் பணத்தை நிர்வகிக்கும் ஹெட்ஜ் நிதியங்களின் ஆய்வுப் பணிகள் பெரும்பாலும் முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கே போகின்றன. முதுநிலைப் பட்டம் திறக்கும் கதவுகள் வங்கிகளின் இடர் மேலாண்மை, மாதிரிச் சரிபார்ப்பு, வணிக மேசைக்கு உதவும் குவாண்ட் (கணித மாதிரி கட்டும்) குழுக்கள், சொத்து மேலாண்மை நிறுவனங்கள் ஆகியவை. 2008க்கு முன்பு சிக்கலான ஆப்ஷன்களை வடிவமைக்க ஆள் எடுத்த இடங்கள் சுருங்கி, தரவுப் பகுப்பாய்வும் இயந்திரக் கற்றலும் அந்த இடத்தைப் பிடித்திருக்கின்றன. பாடத்திட்டங்களும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன. அதில் தவறில்லை. ஆனால் தரவிலிருந்து கற்கும் இயந்திரத்துக்கும் எடுகோள்கள் உண்டு. நேற்று நடந்ததுபோலத்தான் நாளையும் நடக்கும் என்பது அதில் முதன்மையானது. எழுதிவைத்த சமன்பாட்டில் எடுகோள் கண்ணுக்குத் தெரியும். இதில் தெரியாது. ஆகவே சந்தேகப்படும் பயிற்சி முன்பைவிட இப்போது அதிகம் தேவைப்படுகிறது.

இந்தியாவுக்கு இந்தப் பேச்சு அந்நியமானதல்ல. தேசியப் பங்குச் சந்தையில் 2001 ஜூனில் நிஃப்டி ஆப்ஷன்கள் அறிமுகமாயின. இன்று ஒப்பந்த எண்ணிக்கையில் உலகின் மிகப் பெரிய ஆப்ஷன் சந்தைகளில் ஒன்று நம்முடையது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோர் சந்தை ஏறுமா இறங்குமா என்ற கேள்வியோடு ஆப்ஷன் வாங்கியவர்களாகவே இருந்திருப்பார்கள். எதிர்ப்பக்கத்தில் இருந்த பெரிய நிறுவனங்களின் கணினிகள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. அரைப் பங்குக் கணக்கைத்தான் நொடிக்குப் பல முறை போட்டுக்கொண்டிருந்தன.

இந்தப் படிப்பு தனக்கு ஒத்துவருமா என்று யோசிப்பவர்கள் ஒரு காரியம் செய்யலாம். தேசியப் பங்குச் சந்தையின் இணையதளத்தில் நிஃப்டி ஆப்ஷன் விலைப் பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு உரிமை விலைக்கும் எதிரே, சந்தை எதிர்பார்க்கும் ஏற்ற இறக்க அளவு ஒரு பத்தியில் இருக்கும். ஒரே காலாவதித் தேதியை எடுத்துக்கொண்டு, உரிமை விலையைக் கிடைமட்டத்திலும் அந்த அளவைச் செங்குத்திலும் வைத்து ஒரு படம் வரையுங்கள். 1973ஆம் ஆண்டுச் சூத்திரம் சரியாக இருந்தால் கோடு படுக்கையாக இருக்க வேண்டும், இருக்காது. எந்தப் பக்கம், எவ்வளவு உயர்கிறது, அடுத்த வாரம் அதே படத்தை வரைந்தால் என்ன மாறியிருக்கிறது என்று ஒரு மாதம் தொடர்ந்து குறித்துவாருங்கள். விண்ணப்பக் கட்டணம் கட்டுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.